புகை ஐஸ்கிரீம், ஐஸ் ரோல், பஞ்சு மிட்டாய்: கிருஷ்ணகிரியில் குடும்பத்தோடு எதைச் சாப்பிடலாம்?

கேள்வி: ஊத்தங்கரை வாசகர்
12 மே 2025, காலை

கோடை விடுமுறைக்கு அண்ணன் பிள்ளைகள் சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள். இந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு எல்லோருமாகக் கிருஷ்ணகிரிக்குப் போய், அணையைப் பார்த்துவிட்டு, மாலையில் புதுவகை இனிப்புகளைச் சாப்பிடலாம் என்று இருக்கிறோம். புகை வரும் ஐஸ்கிரீம், தட்டில் சுரண்டிச் சுருட்டும் ஐஸ்கிரீம், கருப்பு ஐஸ்கிரீம் என்று பிள்ளைகள் ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். இவையெல்லாம் வெறும் வேடிக்கை, ருசி ஒன்றும் கிடையாது, பணத்துக்குக் கேடு என்று அண்ணன் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு.

12 மே 2025, இரவு

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். வேடிக்கைதான், ஆனால் எல்லா வேடிக்கையையும் ஒரே கணக்கில் எழுதிவிட முடியாது.

நாங்கள் பழையபேட்டையில் இருக்கிறோம். கணவர், மகன், மகள், மாமியார் என்று ஐந்து பேர். பெங்களூர் சாலையிலும் ரவுண்டானாவைச் சுற்றியும் இத்தகைய கடைகள் வரத் தொடங்கியதிலிருந்து, பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்பதை ஒவ்வொன்றாக வாங்கி, ஒரு கிண்ணத்தை எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டுப் பார்த்து வருகிறோம். அப்படிப் பார்த்ததில் எனக்குள் ஓர் அளவுகோல் உருவாகியிருக்கிறது. நம் கண் முன்னால் நடத்திக் காட்டப்படும் வித்தை, அந்தப் பண்டத்தின் சுவைக்கோ பதத்துக்கோ உண்மையில் ஏதேனும் செய்கிறதா என்பதே அது. ஜிலேபி பிழிபவரின் கை எண்ணெய்க்கு மேல் சுழல்வதைப் பார்க்க நாம் நின்றுவிடுகிறோம். அந்தச் சுழற்சியால்தான் பாகு ஏறுவதற்கான மெல்லிய வளையங்கள் உருவாகின்றன. அங்கே பார்வையும் ருசியும் ஒரே வேலையின் இரு பக்கங்கள். அப்படிப்பட்ட வேடிக்கைக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

இந்த அளவில் வைத்தால், தட்டில் சுரண்டிச் சுருட்டும் ஐஸ் ரோல் தேறுகிறது. புகை வரும் ஐஸ்கிரீம், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய நைட்ரஜன் வாயுவை ஊற்றிச் செய்யும் திரவ நைட்ரஜன் ஐஸ்கிரீம், ஒரு கண்டிப்பான நிபந்தனையோடு தேறுகிறது. அதே திரவத்தில் பிஸ்கட்டை ஊற வைத்துத் தரும் புகை பிஸ்கட் தேறவே இல்லை. கரி கலந்து வரும் கருப்பு ஐஸ்கிரீமை உங்கள் அம்மாவுக்குத் தர வேண்டாம். காரணங்களை நாளை எழுதுகிறேன், இப்போது வீட்டில் தண்ணீர் பிடிக்கும் நேரம்.

13 மே 2025, காலை

திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். பாலும் பாலாடையும் சர்க்கரையும் சேர்ந்த கலவையில் அதை ஊற்றிக் கிளறினால், ஓரிரு நிமிடங்களில் கலவை உறைந்துவிடுகிறது. எவ்வளவு விரைவாக உறைகிறதோ, உள்ளே உருவாகும் பனித்துகள்கள் அவ்வளவு சிறியவையாக அமையும். துகள்கள் ஏறத்தாழ 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவைத் தாண்டும்போதுதான் நாக்கில் நறநறப்பு தெரியத் தொடங்கும் என்பதால், இந்த முறையில் செய்த ஐஸ்கிரீம் வெண்ணெய் போல வழுவழுப்பாக இருக்கிறது. ஆக, அந்தக் கடுங்குளிர் வெறும் காட்சிக்காக வந்தது அன்று; அது வேலை செய்கிறது. எண்ணமும் நேற்றுத் தோன்றியதன்று. ஆக்னஸ் மார்ஷல் என்ற ஆங்கிலேயச் சமையற்கலை எழுத்தாளர், திரவமாக்கப்பட்ட காற்றைக் கொண்டு விருந்தினர் கண் முன்னாலேயே ஐஸ்கிரீம் செய்யலாம் என்று 1901ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்.

நிபந்தனை என்னவென்றால், நைட்ரஜன் முழுவதும் ஆவியாகிப் போன பிறகுதான் முதல் கரண்டி வாய்க்குப் போக வேண்டும். திரவ நைட்ரஜன் வாயுவாகும்போது சுமார் 700 மடங்கு விரிகிறது. ஒரு சிறு கரண்டி அளவான 5 மில்லி திரவம், வயிற்றுக்குள் போனால் மூன்றரை லிட்டர் வாயுவாகும். அந்தக் குளிர் திசுவைக் கருக்குவது ஒரு பக்கம் இருக்க, இவ்வளவு வாயுவுக்கு வயிற்றில் இடமும் இல்லை, வெளியேறப் போதுமான வழியும் இல்லை. 2024இல் பெங்களூரில் ஒரு திருமண வரவேற்பில் திரவ நைட்ரஜன் பீடா சாப்பிட்ட 12 வயதுச் சிறுமிக்கு இரைப்பையில் துளை விழுந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில், தாவணகெரேயில் ஒரு பொருட்காட்சியில் புகை பிஸ்கட் சாப்பிட்ட சிறுவன் வலியில் துடித்த காணொளியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதைத் தொடர்ந்துதான் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை, திரவ நைட்ரஜன் முழுவதும் ஆவியான பிறகே உணவைப் பரிமாற வேண்டும் என்று கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது.

புகை பிஸ்கட்டை நான் முற்றாக ஒதுக்குவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பிஸ்கட்டின் நுண்துளைகளில் திரவம் ஊறி நிற்கும். வாயிலும் மூக்கிலும் புகை வர வேண்டும் என்பதுதான் அதன் கவர்ச்சி என்பதால், புகை இருக்கும்போதே வாயில் போட வேண்டியிருக்கிறது. புகை நின்ற பிறகு சாப்பிட்டால் ஆபத்து இல்லை. புகை நின்ற பிறகோ அதில் விற்பதற்கு ஒன்றுமே இல்லை. ஐஸ்கிரீமில் அப்படி இல்லை. புகை அடங்கக் காத்திருந்தாலும் நல்ல ஐஸ்கிரீம் கிண்ணத்தில் இருக்கிறது.

நாங்கள் போன ஒரு கடையில், மகள் கையில் கொடுத்த புகை பிஸ்கட் கோப்பையின் அடியில் திரவம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. சற்றுப் பொறுக்கலாம் என்றேன். "உடனே வாயில் போட்டால்தான் அக்கா புகை வரும்" என்றார் பரிமாறிய இளைஞர். கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிளறும் பாத்திரத்தில் செய்து தரும் ஐஸ்கிரீமை வாங்கி, புகை அடங்கும்வரை மேசையில் வைத்திருந்தோம்.

13 மே 2025, மதியம்

காணொளிகளில் கையில் ஊற்றிக் காட்டுகிறார்களே, ஒன்றும் ஆவதில்லையே என்று காவேரிப்பட்டணத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தோலின் சூடு பட்டவுடன் திரவத்தின் அடிப்பகுதி ஆவியாகி, தோலுக்கும் திரவத்துக்கும் இடையே ஒரு மெல்லிய வாயுப் படலம் உண்டாகிறது. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி உருண்டோடுவதும் இதே காரணத்தால்தான். 1756இல் இதை விளக்கிய லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மானியரின் பெயராலேயே இந்த விளைவு அழைக்கப்படுகிறது. அந்தப் படலம் நொடிப்பொழுதுக்குத்தான் காக்கும். உள்ளங்கைக் குழியில் தேங்கினாலோ, மோதிரத்துக்கும் விரலுக்கும் நடுவே சிக்கினாலோ, தொண்டையில் இறங்கினாலோ காக்காது.

மற்றபடி அந்த வெண்புகை நைட்ரஜன் அன்று. நைட்ரஜனுக்கு நிறம் கிடையாது. நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் 78 விழுக்காடு அதுதான். குளிரில் காற்றின் ஈரம் திவலையாகித் தெரிவதைத்தான் புகை என்கிறோம். புகையைக் கண்டு அஞ்ச வேண்டாம்; அடியில் கிடக்கும் திரவத்தைப் பாருங்கள்.

15 மே 2025

ஐஸ் ரோலைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.

தாய்லாந்தின் தெருவோரக் கடைகளில் பிறந்த முறை இது. மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே குளிர்ந்திருக்கும் வட்டத் தட்டில் பால் கலவையை ஊற்றி, பழத் துண்டுகளைப் போட்டு, இரண்டு தட்டையான இரும்புக் கரண்டிகளால் கொத்தி, தோசை மாவைப் போல மெல்லியதாகப் பரப்பி, உறைந்ததும் ஓர் ஓரத்திலிருந்து தள்ளிச் சுருட்டுகிறார்கள். பரப்பு மெல்லியதாக இருப்பதால்தான் அவ்வளவு விரைவாக உறைகிறது. எனவே அந்தப் பரப்பலும் கொத்தலும் செய்முறையே. கொத்துப் பரோட்டாவின் தாளத்துக்குப் பழகிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஒலியே பாதி மகிழ்ச்சியைக் கொடுத்துவிடுகிறது.

எடையிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. இயந்திரத்தில் கடையும் ஐஸ்கிரீமில் காற்றும் சேர்த்தே அடிக்கப்படுகிறது. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுத் தர விதி. கலவை ஒரு லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும் என்பதால், விதிக்கு உட்பட்ட ஐஸ்கிரீமிலேயே ஏறத்தாழப் பாதி காற்றாக இருக்கலாம். ஐஸ் ரோலில் காற்று அநேகமாக இல்லை. கிண்ணம் சிறியதாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது கெட்டியான பொருள். 120 ரூபாய் கொடுத்து வாங்கிய கிண்ணத்தைப் பார்த்து என் கணவர் முகம் சுளித்தார். சாப்பிட்டு முடித்தபோது மூன்று பேருக்குப் போதுமானதாக இருந்தது.

பகிர்வதும் எளிது. ஒரு கிண்ணத்தில் நான்கைந்து சுருள்கள் நிற்கும், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே கரண்டியை எல்லோரும் வாயில் வைப்பதை என் மாமியார் விரும்புவதில்லை. எச்சில் படாமல் சுருளை எடுக்க முடிந்ததில் அவருக்கு நிறைவு.

கவனிக்க வேண்டியது தட்டின் தூய்மை. ஒருவருக்கு வேர்க்கடலை போட்டுக் கொத்திய தட்டில், சரியாகத் துடைக்காமல் அடுத்தவருக்குச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கடலை ஒவ்வாத பிள்ளை இருந்தால் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சப்போட்டாவும் மாம்பழமும் இந்த முறைக்கு மிகப் பொருத்தமானவை. சாக்லேட் பிஸ்கட்டை நொறுக்கிப் போட்ட வகைகளில் பிஸ்கட்டின் ருசியைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை.

15 மே 2025, இரவு

ஒரு சிறு சேர்ப்பு. பெயர்ப் பலகையில் ஐஸ்கிரீம் என்று இருந்தாலும், பெட்டியின் மேல் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று அச்சிட்டிருந்தால் அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கிறது என்று பொருள். விதிப்படி ஐஸ்கிரீம் என்று அழைக்கப்படுவதில் குறைந்தது 10 விழுக்காடு பால் கொழுப்பு இருக்க வேண்டும். குறைந்த கொழுப்பு வகைகளுக்குத் தனிப்பெயர் உண்டு. இரண்டையும் விற்கலாம், தவறில்லை. எது என்று தெரிந்து வாங்குவது நம் உரிமை. நாங்கள் கேட்ட ஒரு கடையில் பெட்டியையே எடுத்துக் காட்டினார்கள். இன்னொரு கடையில் கேள்வியே பிடிக்கவில்லை.

17 மே 2025

பஞ்சு மிட்டாயை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று பாலக்கோட்டிலிருந்து கேட்டிருக்கும் சகோதரிக்கு:

விடவில்லை, அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். சர்க்கரையை உருக்கி, சுழலும் தலையின் நுண்துளைகள் வழியே விசிறியடித்து, காற்றிலேயே இழையாக உறைய வைப்பது அழகான வேலை. அமெரிக்காவில் வில்லியம் மோரிசன் என்ற பல் மருத்துவரும் ஜான் வார்ட்டன் என்ற மிட்டாய்க்காரரும் சேர்ந்து 1897இல் அந்த இயந்திரத்தை வடிவமைத்தார்கள். 1904இல் செயின்ட் லூயிஸ் உலகப் பொருட்காட்சியில் 68,655 பெட்டிகள் விற்றன. பல் மருத்துவர் சர்க்கரைப் பண்டத்துக்கு வழி செய்தார் என்பதை என் மகனிடம் சொன்னபோது, அவருக்கு நோயாளிகள் குறையவே மாட்டார்கள் என்று சிரித்தான்.

இழை நூற்பது பதத்தை உண்டாக்குகிறது. நிறம் எதையும் உண்டாக்குவதில்லை. அந்த நிறத்தில்தான் கேடு வந்தது. துணிகளுக்கும் ஊதுவத்திகளுக்கும் பயன்படும் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருப்பது ஆய்வில் தெரியவந்ததால், முதலில் புதுச்சேரியிலும் பிறகு 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் தடை வந்தது. மார்ச் மாதத்தில் கர்நாடகமும் நிறமூட்டிய பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. ஓசூர் எல்லையைத் தாண்டினால் கிடைக்குமே என்று எண்ணுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு வாங்குவதானால் எந்த நிறமும் சேர்க்காத வெள்ளைப் பஞ்சு மிட்டாயை, கண் முன்னால் சுற்றித் தரும் இடத்தில் வாங்குங்கள். வாயில் வைத்தவுடன் கரைவதால் ஒன்றுமில்லாதது போலத் தோன்றினாலும் அது முழுக்கச் சர்க்கரை என்பதை உங்கள் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

17 மே 2025, சற்று நேரம் கழித்து

பஞ்சு மிட்டாயைப் பற்றி எழுதிய பிறகு ஜவ்வு மிட்டாய் நினைவுக்கு வந்து, 12ஆம் தேதி சொன்ன அளவுகோலை மறுபடி எடுத்துப் பார்க்க வைத்துவிட்டது.

மூங்கில் கழியின் உச்சியில் கைதட்டும் பொம்மையோடு ஜவ்வு மிட்டாய்க்காரர் எங்கள் தெருவுக்கு வந்த காலத்தில், இழுத்து இழுத்து மணிக்கட்டில் கடிகாரம் கட்டிவிடுவார். மயிலும் தேளும்கூடச் செய்வார். பாகை இழுப்பதால் மிட்டாய்க்கு இழுவைப் பதம் வருகிறது, சரி. கடிகார வடிவத்தால் ருசிக்கு என்ன வந்தது? ஒன்றுமில்லை. பொம்மை தட்டுவதாலும் ஒன்றுமில்லை. என் அளவுகோலை அப்படியே வைத்தால் அந்தக் கடிகாரமும் தேறாது. அதை விலக்க எனக்கு மனம் வரவில்லை. மிட்டாயைத் தின்னாமல் மணி பார்த்துக்கொண்டே தெருவைச் சுற்றிய பிள்ளைகளுக்கு, அந்த வடிவம் ருசிக்கு மேலான ஒன்றைக் கொடுத்தது.

ஆகவே இப்படி மாற்றிச் சொல்கிறேன். ருசிக்கு வேலை செய்யாத வேடிக்கையாக இருந்தாலும், உடம்புக்குள் போகும் பொருளில் எதையும் சேர்க்காததாக இருந்தால் அதை மகிழ்ந்து ஏற்கலாம். வடிவம், ஒலி, ஆட்டம், கைத்திறன் ஆகியவை உடம்புக்குள் போவதில்லை. சாயமும் கரியும் திரவ நைட்ரஜனும் போகின்றன. உங்கள் அண்ணனிடம் இந்தத் திருத்திய வடிவத்தைச் சொல்லுங்கள். ஜவ்வு மிட்டாயிலும் அந்தப் பழைய இளஞ்சிவப்பு எதனால் வந்தது என்று இப்போது கேட்டாக வேண்டும் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

19 மே 2025

நேற்று தருமபுரியில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். மாலையில் அவர்கள் பிள்ளைகளோடு ஒரு கடைக்குப் போனபோது கருப்பு ஐஸ்கிரீம் இருந்தது. கருப்பு எதனால் என்று கேட்டேன். தேங்காய்ச் சிரட்டைக் கரி என்றார்கள்.

இதை உங்கள் அம்மாவை முன்னிட்டு அழுத்தமாக எழுதுகிறேன். பதப்படுத்தப்பட்ட அந்தக் கரியை, விஷம் குடித்தவர்களுக்கு மருத்துவமனையில் கொடுப்பார்கள். வயிற்றில் இருப்பதைத் தன் மேற்பரப்பில் ஒட்ட வைத்துக்கொண்டு, உடம்பு உறிஞ்சாமல் வெளியேற்றிவிடும் என்பதால். விஷம் எது, மருந்து எது என்று கரிக்குத் தெரியாது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சாப்பிட்டால், மாத்திரை முழுப் பலன் தராமல் போகலாம். அதற்கு ஈடாகக் கிடைக்கும் ருசியோ ஒன்றுமில்லை, கரிக்கு ருசி கிடையாது. பல் கருத்ததைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்கள் பிள்ளைகள் வேண்டுமானால் சிரிக்கட்டும் என்று ஒன்றை மட்டும் வாங்கி, மாமியாருக்குக் கொடுக்காமல் தவிர்த்தோம்.

அதற்காக உங்கள் அம்மாவைக் கடைவாசலில் வெறுமனே உட்கார வைத்துவிடாதீர்கள். எங்கள் மாமியாரின் மருத்துவர் அவருக்குச் சொன்னது: வெறும் வயிற்றில் வேண்டாம், உணவுக்குப் பிறகு இரண்டு கரண்டி, மேலே ஊற்றும் பாகும் சாக்லேட்டும் இல்லாமல். உங்கள் அம்மாவின் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 'சர்க்கரை சேர்க்காதது' என்ற அட்டையை மட்டும் நம்பி ஒரு முழுக் கிண்ணம் கொடுத்துவிட வேண்டாம். பாலிலும் பழத்திலும் இயல்பாகவே இனிப்பு இருக்கிறது. மனிதர்கள் ஒரு நாளில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது நோய் இல்லாதவர்களுக்கும் சேர்த்துத்தான்.

21 மே 2025

புதுமை மோகம் நம் ஊருக்கு வெளியிலிருந்து வந்த நோய் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை, அதுவும் தகடூர் (தருமபுரியின் பழைய பெயர்) மண்ணில் இருந்துகொண்டு.

அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையார், புறநானூற்றின் 99ஆம் பாடலில் அவன் முன்னோரின் பெருமையைச் சொல்லும்போது, பெறுதற்கரிய கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று குறிப்பிடுகிறார். எங்கிருந்து, எப்போது என்ற ஆராய்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஊரின் தலைமக்களுக்குப் போர் வெற்றிக்கு நிகராகப் பாடத்தக்க புகழாகப் புதிய இனிப்பு ஒன்றைக் கொண்டுவந்தது இருந்திருக்கிறது. இன்று பாலக்கோட்டில் சர்க்கரை ஆலை இருக்கிறது, கடத்தூரில் வெல்லச் சந்தை கூடுகிறது. கரும்பு வெளியிலிருந்து வந்தது என்று இங்கே யாருக்காவது தோன்றுகிறதா? முதன்முதலில் கணுவைக் கடித்து உறிஞ்சிய அந்தத் தலைமுறைப் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன், அவர்களுடைய தாத்தாக்களும் இது என்ன கூத்து என்று கேட்டிருப்பார்கள்.

26 மே 2025

மாம்பழத்தைப் பற்றி இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு என் மாமியாரே கோபித்துக்கொண்டார்.

மாங்கூழ்த் தொழிற்சாலைகள் இத்தனை இருக்கும் மாவட்டத்தில், ஆண்டுதோறும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கும் ஊரில், புதுமை என்ற பெயரில் விற்கும் மாம்பழ ஐஸ்கிரீம் பலவற்றில் இருப்பது எசென்ஸ். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. நம் தோப்புகளில் பெரும்பங்கு பெங்களூரா வகை மாமரங்கள். அந்தப் பழத்தின் கூழ் நாடு முழுவதும் குளிர்பானமாகிறது. இனிப்பு சற்றுக் குறைவு, புளிப்பு உண்டு. நிறத்துக்கும் மணத்துக்கும் அல்போன்சாவைச் சேர்ப்பார்கள். இந்த இரண்டு கூழையும் கலந்து ஐஸ் ரோல் செய்யச் சொல்லி எங்களுக்குத் தெரிந்த கடைக்காரரிடம் வீட்டிலிருந்தே கூழ் கொண்டுபோய்க் கொடுத்தோம். தட்டில் ஊற்றியவுடன் எழுந்த மணத்துக்குப் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்து கேட்டார்கள்.

பழைய தில்லியில் புகழ்பெற்ற முறை ஒன்றை வீட்டில் செய்து பார்த்தோம், அது இந்தக் கோடையின் சிறந்த இனிப்பு என்று வீடே ஒப்புக்கொண்டது. மாம்பழத்தின் காம்புப் பக்கத்தை மூடி போல வெட்டி எடுத்து, கொட்டையைக் கத்தியால் தளர்த்திச் சதை கிழியாமல் வெளியே எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் பாலை மூன்றில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரையும் ஏலமும் சேர்த்து, முழுவதும் ஆறிய பிறகு அந்தக் குழியில் நிரப்பி, மூடியை வைத்து, நிமிர்ந்து நிற்குமாறு ஒரு டம்ளரில் இறக்கி இரவு முழுவதும் உறைய விட வேண்டும். மறுநாள் தோலைச் சீவி வட்ட வட்டமாக வெட்டினால், நடுவில் வெண்மையும் சுற்றிலும் மஞ்சளுமாக வில்லைகள் வரும். வெட்டும்போது எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். நார் இல்லாத அல்போன்சா இதற்கு நன்றாக அமைந்தது; செந்தூரா குழைந்துவிட்டது. பெங்களூராவின் கெட்டிச் சதையில் வடிவம் நன்றாக நின்றது, இனிப்புதான் போதவில்லை.

சூடான பாலில் மாங்கூழைக் கலக்காதீர்கள், பழத்தின் புளிப்பால் திரிந்துவிடும்.

26 மே 2025, இரவு

ராகியில் ஐஸ்கிரீம் வருமா என்று கேட்டவருக்கு: வரும், நன்றாகவே வரும். ராகி மாவைப் பாலில் கரைத்துக் கூழ் பதத்துக்குக் காய்ச்சி, ஆறிய பின் வெல்லப் பாகும் பாலாடையும் சேர்த்து உறைய வைத்துப் பாருங்கள். வெந்த மாவுச்சத்து நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பெரிய பனித்துகள்கள் உருவாவது குறைகிறது. 13ஆம் தேதி எழுதிய நைட்ரஜன் குறிப்பில் விரைந்து உறைவதால் கிடைத்த அதே வழுவழுப்பை நோக்கி, நம் வீட்டு ராகி வேறு வழியில் நம்மைக் கொண்டு செல்கிறது. வெல்லத்தையும் கொதிக்கும் பாலில் போட வேண்டாம். களியும் கூழும் சாப்பிட மறுக்கும் என் மகள் இதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

2 ஜூன் 2025

ஊத்தங்கரை வாசகர் போய் வந்து எழுதியிருப்பதைப் படித்தேன். அண்ணன் இரண்டாவது ஐஸ் ரோல் கேட்டார் என்ற செய்தியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புகிறார்கள், குளிர்ப்பெட்டியில் வைத்தால் கட்டியாகிறது என்று கேட்டதற்கு விடை:

இரவில் மணியடித்து வரும் குல்ஃபி வண்டிக்காரரின் பானையில் இருப்பது உப்புப் போட்ட பனிக்கட்டிதான். அதே முறையைப் பின்பற்றுங்கள். உடைத்த பனிக்கட்டி மூன்று பங்குக்குக் கல்லுப்பு ஒரு பங்கு, எடைக் கணக்கில். உப்பு சேர்ந்தால் பனிக்கட்டி உருகும் வெப்பநிலை இறங்கி, கலவை மைனஸ் 20 டிகிரியை ஒட்டிக் குளிரும். ஒரு வாளியில் இதை நிரப்பி, நடுவில் இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் மாம்பழக் கலவையைப் பாதியளவு ஊற்றி இறக்குங்கள். தூக்கை இடைவிடாமல் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டி நடுவில் சேர்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் பதம் வந்துவிடும். பிள்ளைகள் மாறி மாறித் திருப்பட்டும், ஆனால் வெறுங்கையை உப்புப் பனிக்குள் விடவேண்டாம், ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். உப்பு நீர் மூடியின் விளிம்பை எட்டாதபடி அவ்வப்போது இறைத்துவிட வேண்டும், ஒரு சொட்டு உள்ளே போனாலும் முழுக் கலவையும் கரிக்கும். முடிந்த பிறகு அந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றாமல் சாக்கடையில் கொட்டிவிடுங்கள்.